சர்க்கரையைத் தொடாதே

மண்டபம்
ஆனி மாதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. இங்கே தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. கச்சான் காற்று எழுந்துவிட்டதால் தென்கடல் ஒரே கொந்தளிப்பு.

சரி, நீ வீட்டில் காய்ச்சிய பீருக்கு வருகிறேன். பாட்டிலில் அடைத்து இரண்டு வாரமாகியும் கேஸ் ஏறவில்லை, மூடிகளைத் திறந்து இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடப்போகிறேன் என்கிறாய். தயவுசெய்து வேண்டாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் கேஸ் தரும், அதற்கு 20 லிட்டருக்கு 130 கிராம் போதும். உன் தொல்லைக்குக் காரணம் குளிர். நம் ஊரில் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் வெயில் ஏறுவதற்குள் பொங்கிவிடும். அந்த வேகத்தை மெல்போர்ன் ஜூன் மாதக் குளிரில், கார் ஷெட்டில் எதிர்பார்த்தால் எப்படி? பாட்டில்களை வீட்டுக்குள் 20 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கு மாற்று. மெதுவாக ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கும். எல்லாவற்றையும் மூடியுள்ள கெட்டியான பெட்டியில் வை.

பெட்டி எதற்கு என்றால், எனக்கு உள்ளூரப் பயம், வாசனைக்காக நீ பீரில் ஊறவைத்த ஹாப்ஸ் பூவின் மேல்தான். உலர்ந்த ஹாப்ஸிலும் என்சைம்கள் உண்டு. ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அவை உடைத்து, ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாக்கிவிடும். பிரவுன், மோரிஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் 1893-லேயே இதை எழுதிவைத்தார்கள். இன்று ‘ஹாப் க்ரீப்’ என்கிறார்கள். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.012-லிருந்து 1.010-க்கு இறங்கினாலே, நீ போட்ட சர்க்கரை தரும் கேஸில் பாதிக்கு மேல் கூடுதலாகச் சேரும். அது பாட்டிலுக்குள் நடந்து, அதன் மேல் நீயும் சர்க்கரை போட்டால், கோடையில் கண்ணாடி வெடிக்கும். அதனால் அடுத்த முறை ஹாப்ஸ் போட்ட பிறகும் அளந்து பார். இரண்டு மூன்று நாள் எண் அசையாமல் நின்றால்தான் பாட்டில். ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் சேர்த்து நிரப்பு. அது கல்லாக இறுகினால் கேஸ் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், எதையும் திறக்க வேண்டியதில்லை.

பீரில் புல் வாடை வந்ததற்கு, ஹாப்ஸைப் பத்து நாள் ஊறவைத்ததுதான் காரணம். தூளாக்கி அழுத்திய ஹாப்ஸ் பெல்லட்டுக்கு இரண்டு மூன்று நாள் தாராளம். அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்துத் தூளைப் படியவிடு. தூள் பாட்டிலுக்குள் போனால் திறந்ததும் நுரை பீறிடும். பீரைப் பாட்டிலுக்கு மாற்றும்போது சலசலவென்று ஊற்றாதே. காற்றுப் பட்டால் நிறம் கறுக்கும், காசு கொடுத்து வாங்கிய வாசனையும் போய்விடும்.

கடைசியில் கேஸுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் ஈரமும் சர்க்கரையும் ஒவ்வொரு வட்டிலும் ஒவ்வொரு மாதிரி, கேஸ் கணக்கு நிற்காது. சாயல்குடிக் கருப்பட்டியைக் காபியில் போட்டுக் குடி, மாப்ளே. இங்கே வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும், அதனால் சோதித்துச் சொல்ல எனக்கும் வழியில்லை.

ஹைட்ரோமீட்டர் ஹாப்ஸ் போடும் முன் எவ்வளவு காட்டியது, பாட்டிலில் அடைத்த அன்று எவ்வளவு காட்டியது, இரண்டு அளவையும் உடனே எழுது. அதுவரை குழந்தைகளைப் பெட்டிப் பக்கம் விடாதே.

அன்புடன்,
முருகேசன்