அத்தைக்கு, பெட்டியைக் கொடுக்கும் முன்

அன்புள்ள அத்தை,

உயிரோடு இருந்தவரை உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்றீர்கள். எனக்கு நாக்கு எழவில்லை. பதினொரு வருடமும் உங்கள் எதிரே வந்து நின்று பேச்சைத் தொடங்கியே ஓட்டிவிட்டேன்.

நாளையோடு நீங்கள் போய் ஒரு வருடம். சனிக்கிழமை உங்கள் போட்டோப் பெட்டியை இங்கே மொன்டானாவில், டெர்ரி ஊர் மியூசியத்தில் கொடுக்கப் போகிறேன். உங்கள் மகனுக்கும் சம்மதம். நிலத்தைப் பற்றி இங்கே ஒன்றும் எழுத மாட்டேன், அது அண்ணன் தம்பி விவகாரம். உங்கள் ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாது, சரி. ஆனால் காங்கயத்தில் என் சொந்தபந்தம் பூராவும் இதைப் படிக்கும்.

மொத்தம் 210 படங்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பேர்டி, டிக்ஸி, ஓல்ட் பக். எல்லாம் குதிரைகள். மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒன்றில்கூட இல்லை. தார்த்தாள் அடித்த பலகைக் குடிசை முன்னால் நாற்காலி போட்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. குடியேறிகளுக்கான 1909 சட்டப்படி 320 ஏக்கர் அரசு நிலம் கிடைக்கும் என்று வந்தவர்களாக இருக்கலாம். அப்படி வந்தவர்களில் பலர் 1917-இல் தொடங்கிய வறட்சியில் விட்டுவிட்டுப் போனார்கள். இவர்கள் உங்கள் ஆட்களா, அல்லது போனவர்களா? இதற்குமேல் கேட்டால் பேச்சு நிலத்துக்குள் போய்விடும்.

இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரு ராத்திரி கிடைத்தது. போன வருடம் பிப்ரவரியில். பூஜ்யத்துக்குக் கீழே 30. தலையீத்துக் கிடாரி ஒன்று பட்டியை விட்டுத் தப்பி ஓடையோரம் போய்க் கன்று போட்டிருந்தது. உங்கள் மகன் கன்றைத் தோளில் தூக்கிவந்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க ஓடினார். குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, தலை முங்காமல் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தேன். வாய்க்குள் விரலை விட்டால் ஐஸ். நீங்கள் கதவோரம் வந்து நின்றீர்கள். நைட்டிக்கு மேலே மாமாவின் கோட்டு, கையில் ஒரு படம். "முடிந்ததும் வந்து உட்கார். யார் யார் என்று சொல்கிறேன்."

"அப்புறம்" என்றேன். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மூன்று மணிக்குக் கன்று காலை உதைத்தது. காது இரண்டும் பனியில் பாதியாகிப் போனாலும் பிழைத்துவிட்டது. சமையலறைக்கு வந்தேன். பெட்டி மூடியிருந்தது. மேசையில் காபி ஆறிக் கிடந்தது. இரண்டு கோப்பை.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கன்றை விட்டுவிட்டு வந்திருந்தால் நீங்களே என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள், இல்லையா? மறுநாள் கேட்டிருக்கலாம். மார்ச் முழுக்க இருந்தது, ஏப்ரல் இருந்தது. ஈத்துக்காலம், தூக்கமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. பதினொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் உடனே ஓடி வந்துவிட வேண்டுமா என்ற வீம்பு மீதிப் பாதி.

எவலின் கேமரூன் என்றால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவீர்கள். (படிப்பவர்களுக்காக: இங்கிலாந்தில் பிறந்தவர், 1889-இல் முதன்முதலில் மொன்டானாவுக்கு வந்தார். 1894-இல் கேமரா பழகி, 1928-இல் சாகும்வரை இந்தப் பக்கத்துப் பண்ணைகளையும் செம்மறி ரோமம் வெட்டுகிறவர்களையும் குடியேறிகளையும் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு 25 சென்ட் வாங்கினார்.) கால் பிரிந்த பாவாடை உடுத்தி, இருபுறமும் கால் போட்டுக் குதிரையில் மைல்ஸ் சிட்டித் தெருவில் போனதற்கு, கைதாக நேரிடும் என்று அவரை எச்சரித்தார்களாம். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பீர்கள். அதே நீங்கள்தான், நான் சுடிதாரோடு பட்டியில் இறங்கிய முதல் நாள், "உள்ளே போய்க் காபி போடு" என்றீர்கள். துப்பட்டா கயிற்றில் மாட்டுமாம். நியாயமான பயம்தான். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கலாமே.

மாட்டைக் கும்பிடுகிற நாட்டுப் பெண், சூடு போடுவதைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று பக்கத்துப் பண்ணையில் சொல்லி வைத்திருந்தீர்கள். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், காளைக்குக் காயடிக்கும்போது தாத்தாவுக்குக் கயிறு பிடித்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் நானாக இறங்கிக் கன்றின் பின்னங்காலை இழுத்துப் பிடித்தேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் உங்கள் கையுறையைக் கழற்றி என் பக்கம் நீட்டினீர்கள். உள்ளே சூடாக இருந்தது. அது இன்னும் கதவு ஆணியில்தான் தொங்குகிறது. அடுத்த வாரம் சூடு போடும்போது அதைத்தான் போட்டுக்கொள்வேன்.

எவலின் போன பிறகு அவருடைய கண்ணாடித் தகடுகள் சிநேகிதி வீட்டு நிலவறையில் சுமார் 50 வருடம் கிடந்தன. ஆனால் அவர் விடாமல் டைரி எழுதியவர். யாரை எடுத்தார், அன்றைக்கு என்ன வேலை என்று தேடிப் பார்க்க ஒரு வழியாவது இருக்கிறது. உங்களுக்கு டைரி நான்தான். அப்படி நீங்கள் நினைத்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

பெட்டியில் என் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பட்டி வேலியில் சாய்ந்து நிற்கிறேன். பின்னால் உங்கள் கையெழுத்து: "டிப்பர், ஆறு மாதம்." நாயின் பெயர். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

அது பெட்டியோடு போகட்டும். வேறு ஒன்றைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். பால்வாளியோடு இரண்டு பெண்கள், எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். படத்தில் குதிரை இல்லை, அதனால் பின்னால் எழுத்தும் இல்லை. மூலையில் ஒரு காபிக் கறை மட்டும். அன்றைக்கு உங்கள் கையில் இருந்தது இதுதானா என்று தெரியாது. இதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை 209 போகும். உங்கள் மகன் எண்ணிப் பார்க்க மாட்டார்.