அதே வம்சத்து எஞ்சின்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் நிலைக்கு வந்தது. கட்டு அவிழ்த்த கையோடு எனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறாய். எழுத்து கொஞ்சம் மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகிறது, ஆனால் உன் எழுத்துதான். அதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

கடைசிப் பக்கத்தில் வண்டி நின்றுபோன செய்தியை இரண்டே வரியில் எழுதி, "எந்த எஞ்சினை ஏற்றலாம், நீதான் சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறாய். உன் லேண்ட்ரோவரும் என்னுடையதும் ஒரே சீரிஸ் 3, முன் பின் சக்கரங்களுக்கு இடையே ஒரே 88 அங்குலம். நான் எஞ்சினை மாற்றி ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அந்த வேலையில் பதினான்கு மாதங்கள் போயின. அதில் பாதிக்கு மேல் எஞ்சினுக்காகச் செலவானவை அல்ல. எஞ்சினைச் சுற்றியிருந்த மற்றவற்றுக்காகச் செலவானவை. எனவே உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில், பழைய எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? நீ எழுதியிருப்பது நீலப்புகையும் ஆயில் குறைவதும். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்து பார். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வாக இருக்கலாம். நான்கிலும் சேர்ந்து குறைந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும், அதாவது சிலிண்டரின் உள்துளையும், தேய்ந்திருக்கும். அது வார்ப்பிரும்பு எஞ்சின், போரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடி ஓடும். வண்டி நின்றுவிட்டது என்பது மட்டும்தான் உன் குறை என்றால், அதையே புதுப்பித்துவிடு. நான் மாற்றியதால் நீயும் மாற்ற வேண்டும் என்பதில்லை. சுமையோடு மேடேறும்போது இரண்டாம் கியருக்கு இறங்கி, பின்னால் வருபவர்கள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலை உன்னை வாட்டினால் மட்டும் மேற்கொண்டு படி. என்னை அது வாட்டியது.

நான் ஏற்றியது 200 டிடிஐ டீசல். லேண்ட்ரோவரின் இன்னொரு வண்டியான டிஸ்கவரியில் 1989இல் வந்தது. ஏன் அது என்பதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் உண்டு, அது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நம் பெட்ரோல் எஞ்சின் 2286 சிசி. 1958இல் சீரிஸ் 2 வந்தபோது வந்தது. அதன் போரின் விட்டம் 90.47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88.9. பிறகு ஸ்ட்ரோக்கை 97 ஆக நீட்டி 2495 சிசி ஆக்கினார்கள். போரைத் தொடவில்லை. அதே அளவுகளோடு, புதிய அலுமினிய ஹெட்டும் நேரடி டீசல் செலுத்தலும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரும் சேர்ந்து வந்ததுதான் 200 டிடிஐ. நம் எஞ்சினுக்கு அது பேரன் முறை என்று சொல்லலாம். அதனால்தான் நம் பழைய கியர்பாக்ஸின் முகத்தோடு அதை நேராகப் பூட்ட முடிகிறது, இடையில் அடாப்டர் தட்டு வேண்டியதில்லை. சுமார் 70 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 111 வந்தது. அதைவிட முக்கியம் இழுவை. பழையது 160 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருந்தது, இது நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே 265 தருகிறது. மேட்டில் அந்த வேறுபாட்டைக் கால் உணர்கிறது.

வி8 ஏற்றலாமா என்று நீ கேட்டிருக்கிறாய். ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எடை குறைந்த நல்ல எஞ்சின். 1979இல் நிறுவனமே அதை 109 அங்குல வண்டியில் பொருத்தி விற்றது. ஆனால் நிறுவனம் செய்தபோது கியர்பாக்ஸையும் மாற்றித்தான் செய்தது என்பதை மறந்துவிடாதே. நம் கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்க அடாப்டர் தட்டு வேண்டும். அந்தத் தட்டின் மையம் இம்மி விலகினாலும், கியர்பாக்ஸின் உள்வரும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து தாங்கியைத் தின்றுவிடும். பிறகு வந்த டிடி5 போன்ற லேண்ட்ரோவர் டீசல் எஞ்சின்களுக்குத் தனிக் கணினியும் அதன் வயரிங் முழுவதும் வண்டிக்குள் வர வேண்டும். 200 டிடிஐயில் இருப்பது போஷ் நிறுவனத்தின் இயந்திர பம்பு. எஞ்சின் ஓட அதற்கு வேண்டியது ஒரே ஒரு வயர், டீசலை நிறுத்தும் மின்காந்த வால்வான சோலனாய்டுக்கு. குளிரில் எழுப்ப க்ளோ பிளக்குக்கு இன்னொன்று. ஆறு மாதம் தண்ணீரிலும் சேற்றிலும் போகிற வண்டிக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

இப்போது என்னை அதிகம் அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன். பற்சக்கர விகிதம்.

நம் வண்டியின் இரு ஆக்சில்களிலும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.7. அதாவது அதற்குள் வரும் தண்டு 4.7 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் ஏறக்குறைய 2900 சுற்று சுற்றும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது பழக்கமான இடம். 1800 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும் டீசலுக்கு அது வீண் ஓட்டம். ஏற்றிய முதல் மாதம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. வண்டி கத்துகிறது, ஆனால் பறக்கவில்லை. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரன்ஷியல் அதே ஆக்சில் உறைக்குள் உட்காரும். முன்னும் பின்னும் இரண்டையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து எதையாவது உடைத்துவிடும். மாற்றிய பிறகு 80இல் 2200 சுற்றுதான். நெடுஞ்சாலையில் சுகமோ சுகம்.

ஒரு விஷயம் மட்டும் உடனே எழுதிவிடுகிறேன், மறந்துவிடுவேன். வேகமானி, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரு ஆக்சில்களுக்கும் சுழற்சியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்துதான் ஓடுகிறது, அதற்கு டிஃபரன்ஷியல் மாறியது தெரியாது. முள் 60ஐக் காட்டும்போது வண்டி 80இல் போய்க்கொண்டிருக்கும். நான் ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது, ஏனென்றால் நம் வண்டியின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

பிறகு மலைப்பாதைக்குப் போனேன். செங்குத்தான கல் இறக்கம், மெல்ல ஊர்வதற்கான லோ ரேஞ்ச், முதல் கியர். நீயும் நானும் இறங்கியிருக்கிறோமே, பெடலைத் தொடாமல், வண்டி தானாகவே ஒவ்வொரு கல்லாக முகர்ந்துகொண்டு இறங்கும், அந்த இறக்கம். இந்த முறை வண்டி என்னைத் தள்ளிக்கொண்டு போனது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய ஏற்பாட்டில் எஞ்சின் 40 சுற்றுக்குமேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 3.54 போட்டதும் அது 30 சுற்றாகிவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐட்லிங்கில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டரில் ஊர்ந்தது மூன்றேகாலுக்கு மேல் போயிருந்தது. காகிதத்தில் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஈரக் கல்லின்மேல் அது பெரிய வித்தியாசம், நண்பா. நான் அந்த வண்டியை நேசித்ததே அந்த நடைக்காகத்தான். சாலைக்காக அதைக் கொடுத்துவிட்டேனே என்று அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு டிஃபரன்ஷியல்களையும் கழற்றி மறுபடி 4.7ஐப் போட்டேன். டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கம், டாப்புக்கும் மேலே ஒரு கியர் போல உதவும் ஓவர்டிரைவ் பெட்டியைப் பொருத்தினேன். அது வேகத்தை ஏறக்குறைய 28 சதவீதம் கூட்டும், 80இல் 2300 சுற்றுக்கு வந்துவிடுகிறது. வேண்டாதபோது நெம்புகோலைத் தள்ளினால் பழைய வண்டி அப்படியே திரும்பிவிடும். அந்தச் சின்னப் பெட்டி டீசலின் இழுவையை எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் மேட்டில் அதை எடுத்துவிட்டுத்தான் ஏறுகிறேன், அதன் ஆயிலை அடிக்கடி பார்க்கிறேன். நீ சாலையில்தான் அதிகம் ஓட்டுவாய் என்றால் 3.54 உனக்குச் சரி. அதை நீயே முடிவு செய்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் தொட்டியை முழுவதும் கழுவிக் காயவை. மீந்த டீசல் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். டீசலில் காற்றுத் தடுப்பு வால்வு இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் விசை தானாகக் கிடைக்காது. எஞ்சினோடு வரும் வேக்குவம் பம்பைக் கழற்றி எறிந்துவிடாதே. பழைய எஞ்சினில் டைமிங் செயின், இதில் பெல்ட். எஞ்சின் தரையில் இருக்கும்போதே புது பெல்ட் போட்டுவிடு, உள்ளே போன பிறகு கை நுழையாது. பின் ஆக்சில் தண்டுகளை நம்பாதே, எனக்கு ஒன்று உடைந்தது. எஞ்சின் எண் மாறியதைப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடு, காப்பீட்டுக்காரருக்கும் எழுதிவிடு.

எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் மவுண்ட் பற்றி மட்டும் கொஞ்சம் கூட. டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாக இருக்கும், சேஸிஸ் சட்டத்தோடு இடித்துக்கொள்ளும். லேண்ட்ரோவர் டிஃபெண்டரில் வந்த அதே 200 டிடிஐயில் அது மேலே இருக்கிறது. கிடைத்தால் அதையே வாங்கு. எனக்குக் கிடைத்தது டிஸ்கவரியினுடையது. மவுண்டை வெல்டு செய்துதந்த பட்டறையில் அளவெடுத்து முன்கூட்டியே ஒட்டிவிட்டார்கள். எஞ்சினை இறக்கினால் அரை அங்குலம் விலகி நிற்கிறது. நெம்பி போல்ட்டைப் பூட்டினார்கள். வண்டி முழுவதும் அதிர்ந்தது, கண்ணாடியில் எதுவும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்தெடுத்தேன். முதலில் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு முழுதாகப் பூட்டி, முன்பக்கத்தைச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, அது எங்கே இயல்பாக நிற்கிறதோ அந்த இடத்துக்கு மவுண்டைச் செய்ய வேண்டும். அதைச் செய்தது என் மகள். என் விரல் மூட்டுகள் இப்போது ஸ்பானரைப் பிடிக்க விடுவதில்லை. நான் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து விளக்கைப் பிடித்தேன். அவள் ஒரே நாளில் நான்கு போல்ட்டையும் விரலாலேயே சுழற்றி உள்ளே அனுப்பினாள். எந்த நெம்புதலும் இல்லை. அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன்.

பழைய பெட்ரோல் எஞ்சினை நான் விற்கவில்லை. சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி, எல்லா வாய்களையும் அடைத்து, கொட்டகையில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை கையால் ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன். நீயும் உன்னுடையதை யாருக்கும் கொடுத்துவிடாதே.

வேலை தொடங்குவதாக இருந்தால் நாங்கள் இருவரும் வருகிறோம், மகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கு முன் ஒன்று செய். கண் முழுதாக ஆறட்டும், குனியாதே, வேறு யாரையாவது வைத்துக் கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடிக்கச் சொல். அதில் உலோகத் தூள் மினுங்குகிறதா என்று பார்த்து எழுது. எந்த எஞ்சின் என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்