முரளியோடு சண்டை

அன்புள்ள சேகர்,

ரொம்ப நாளாக எழுதவில்லை, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. முரளியும் நானும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

போன ஞாயிறு மலை மந்திர் கோயிலுக்குப் போய்விட்டு அவன் வீட்டுக்குப் போனேன். பையன் கல்யாண வேலை, கூடம் முழுக்கப் பத்திரிகைக் கட்டு, நம் மெஸ் கோஷ்டியில் பாதிப் பேர் இருந்தார்கள். பேச்சுவாக்கில் முரளி தன் பையனிடம் வரப்போகிற பெண்ணைப் பற்றிச் சொல்கிறான்: "முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவா, வெட்கம், நீ கண்டுக்காதே." எல்லோரும் சிரித்தார்கள், பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு இதையாடா சொல்லிக்கொடுப்பாய் என்றேன். "கட்டின பெண்டாட்டிகிட்ட மனு போடணுமா?" என்றான்.

அங்கிருந்து முனிர்க்கா பஸ் ஸ்டாப் நடக்கிற தூரம் சேகர், 2012 டிசம்பரில் அந்தப் பெண், நிர்பயா, பஸ் ஏறிய இடம். அப்போது மெழுகுவத்தியோடு எங்களை இந்தியா கேட்டுக்குக் கிளப்பியதே முரளிதான், தூக்கில் போடு என்று தொண்டை கிழியக் கத்தினான். முன்பின் தெரியாதவன் செய்தால் கொடுமை, தாலி கட்டியவன் செய்தால் குடும்பம், அவன் கணக்கு அவ்வளவுதான். சட்டமும் அதே கணக்கைத்தான் போடுகிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். சம்மதம் என்றால் தானாக, தெளிவாக ஒத்துக்கொள்வது, எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது என்று 2013-ல் எழுதி வைத்தார்கள். மனைவிக்கு மட்டும் அது கிடையாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்த யோசனை சொல்ல அரசு போட்ட வர்மா கமிட்டி அந்த விலக்கை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. அந்த விலக்கை எதிர்த்த வழக்கில் 2022-ல் டெல்லி ஹைகோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பெழுதினார்கள், வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையிலும் மனைவிக்கு 18 நிரம்பியிருந்தால் அதே விலக்குதான்.

"உனக்குப் பொண்ணு இருக்கு, அதான் உறைக்குது" என்றான் கடைசியில். பெண்ணைப் பெற்றவனுக்கு மட்டும்தான் உறைக்க வேண்டுமா? சமையலறை வாசலில் காபித் தட்டோடு அவன் பெண்டாட்டி விசாலம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

முரளியிடம் நீ பேச வேண்டாம், அவன் பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று உனக்குத் தெரியும். பையனிடம் பேசு. மாமா மாமா என்று உன்னிடம் ஒட்டிக்கொள்கிறவன், நீ சொன்னால் கேட்பான். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கூடப் பழகவில்லை, அவசரமே இல்லை, கேட்டுவிட்டுத் தொடு, அவள் முகம் சுருங்கினால் விட்டுவிடு, இதில் ஆம்பிளைத்தனம் ஒன்றும் குறைந்துவிடாது என்று உடைத்தே சொல். கல்யாணத்துக்கு முன்னால் சொல்.

அப்புறம், டிக்கெட் எடுத்துவிட்டாயா? பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது, இன்றைக்கே பார்.

உன்
ராமு