குளியலறைச் சுவரை மூடும் முன்

தாயி,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு ஒத்துக்கொள்ளாமல், செங்கல் தெரிகிற வரை தட்டி எடுக்கச் சொன்னாய் பார், அதில் எனக்கு ரொம்பப் பெருமை. இங்கே டீக்கடையில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்புறம் கூப்பிடுவதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாய்ஸ் மெசேஜின் கடைசியில் போகிற போக்கில் சில விஷயம் கேட்டிருந்தாய். சுவரில் கைப்பிடி வைத்தால் ஒரு ஆள் பாரத்தைத் தாங்குமா, கதவை 3 அடி அகலமாக்க முடியுமா, வாசலில் மேடு இல்லாமல் செய்ய முடியுமா என்று. எல்லாம் முடியும்.

முதலில் சுவரைச் சொல்லிவிடுகிறேன். ஷவர் பக்கம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பழைய பூச்சில் மிச்சம் இருப்பதைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்க்கச் சொல். தொப்பென்று சத்தம் வந்தால் அது செங்கலை விட்டு வந்துவிட்டது, கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துவிட்டு நன்றாகக் காய விட்டுத்தான் மறுபூச்சு. காங்கிரீட் தூணும் செங்கலும் சேர்கிற இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். பூச்சை மழமழவென்று தேய்த்து முடிக்க விடாதே. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டைல்ஸ் பிடிக்காது. சொரசொரப்பாக விட்டு, 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அவசரம் என்று மேஸ்திரி சொல்வார். அவசரம் அவருக்கு, அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பைப்பை மூடுவதற்கு முன்னால் எல்லா வாயையும் அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் பம்ப்பின் அழுத்த மீட்டரில் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அப்போதே கண்டுபிடித்துவிடலாம். டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

இனி கைப்பிடி. படத்தில் பார்த்தால் ஷவர் சுவர் நாலரை இன்ச் சுவர் மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்கினால் துண்டு மாட்டத்தான் ஆகும், ஆள் பிடித்துக்கொள்ள ஆகாது. கடையில் வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்கிற கைப்பிடி என்று ஒன்று விற்கிறார்கள், அதைத் தொடவே தொடாதே. கைப்பிடியின் இரண்டு முனையும் வருகிற இடத்தில் செங்கலை எடுத்துவிட்டு, பொடி ஜல்லி போட்டு காங்கிரீட் கட்டி வார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கச் சொல். மறுபக்கம் உங்கள் படுக்கையறைதானே, அலமாரி மறைத்துவிடும். எந்த இடத்தில் கட்டி வார்த்திருக்கிறது என்று தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து, டேப் வைத்த மாதிரியே படம் எடுத்து வைத்துக்கொள். டைல்ஸ் போட்ட பிறகு யாருக்கும் நினைவு இருக்காது. உட்கார்ந்து குளிக்க மடக்குப் பலகை வைக்கிறதாக இருந்தால் அதற்கும் இப்போதே வார்த்துவிட வேண்டும். நீ அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 18 இன்ச் உயரம் சரியாக வரும்.

அம்மா இன்னொன்றையும் பார்த்தாள். பால்கனியில் நின்று கீழே எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் வண்டி உறை போட்டு நிற்கிறது, உறை மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கிறது. வேறு வண்டி வாங்கியிருப்பார் என்று சொல்லி வைத்தேன். ரெண்டு மூணு தடவையாக அவர் போனில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி என்று பொங்கல் சமயத்தில் சொன்னாய், அவர்களுக்காகவும் இருக்கலாம். யாருக்காக இருந்தாலும் வேலை நன்றாக இருக்க வேண்டும்.

கசிவுத் தடுப்புப் பூச்சு ஷவர் பக்கம் 7 அடி வரைக்கும் ஏற வேண்டும். இரண்டு கோட். முதல் கோட் படுக்கை வாட்டத்தில் என்றால் இரண்டாவது நிமிர்ந்த வாட்டத்தில். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் வலைத்துணி வைத்து அடிக்க வேண்டும், அங்கேதான் முதலில் விரியும். காய்ந்ததும் நாணி டிராப், அதுதான் தரையில் தண்ணீர் இறங்குகிற குழி, அதன் வாயை அடைத்து 2 நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கணும். கைப்பிடிக்குத் துளை போடும்போது இந்தப் பூச்சும் ஓட்டையாகும். அதனால் துளைக்குள் சிலிக்கோன் பசை நிறைய விட்டு, அப்புறம்தான் போல்ட்.

டைல்ஸ் விட்ரிஃபைடு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது தண்ணீரே குடிக்காது, சிமெண்ட் பாலில் ஒட்டினால் நாளைக்குக் கழன்றுவிடும். டைல்ஸ் பசையில்தான் ஒட்ட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அப்புகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உன் சுவரில் அதை விடாதே. பல் கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி ஒட்டச் சொல். பின்னால் வெற்றிடம் இருந்தால் கைப்பிடி போல்ட்டை முடுக்கும்போது டைல்ஸ் கீறிவிடும். ஒட்டிய மறுநாள் நீயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். சின்ன வயதில் என் கூட வேலைக்கு வந்து தட்டிக்கொண்டே இருப்பாயே, உனக்குச் சத்தம் தெரியும்.

வாசலில் மேடு வேண்டாம் என்றால் சரிவு ரொம்ப ஒழுங்காக இருக்க வேண்டும். 4 அடிக்கு 1 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, தண்ணீர் வாசலை விட்டு ஷவர் பக்கம் ஓட வேண்டும். தரைக்கு 12க்கு 12 இன்ச் சொரசொர டைல்ஸ். பளபளப்பு வேண்டவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வாங்கு. உள்ளே ஆள் விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை அந்த ஆளே அடைத்துக்கொள்வார். பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் பாதி வீட்டுக் குளியலறை நான் போட்டது. என் பிள்ளை வீட்டுக் குளியலறையைப் படத்தில் பார்க்கச் சொல்கிறாய். வர வேண்டாம், தூசியாக இருக்கும் என்கிறாய். தூசி எனக்குப் புதுசா?

சரி. இரண்டு விஷயம் மட்டும் எழுதி அனுப்பு. கைப்பிடி பிடிக்கிறவருக்கு வலது பக்கம் பலமா, இடது பக்கம் பலமா? பலமான கைக்குத்தான் வைக்க வேண்டும். அப்புறம், அவரைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, நிற்க முடிந்தால், கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அள. பொதுவாக 33 இன்ச்சிலிருந்து 36 இன்ச் வரை வைப்போம், ஆனால் ஆளைப் பொறுத்து மாறும். இந்த இரண்டும் தெரியாமல் காங்கிரீட் கட்டியை எங்கே வார்ப்பது என்று என்னால் சொல்ல முடியாது.

வேறு எதுவும் நீ சொல்ல வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறுகிறேன், ரசமட்டமும் தூக்குக்குண்டும் எடுத்து வைத்தாயிற்று. அம்மாவும் வருகிறாள், சமையலை அவள் பார்த்துக்கொள்வாள். அதுவரை சுவரை மூட விடாதே.

அப்பா

கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் தண்ணீர் கட்டாதே. அவர் வீட்டு உள்கூரையை இப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.