பெட்டி போடுவது வேறு, பின்தொடர்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்கேம் வீடியோவில் அசைவைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் பைத்தான் நிரல் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு அன்றைக்கே உட்கார்ந்து செய்து பார்த்தேன். முதலில் ஒரு சின்னக் குறை. பத்திக்குள் அடக்குவதற்காக நிரல் வரிகளுக்கு முன்னால் இருக்கவேண்டிய இடைவெளியை எல்லாம் எடுத்துவிட்டீர்கள், பைத்தானில் அந்த இடைவெளிதான் இலக்கணமே. அப்புறம், திட்டுகளின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் ஃபைண்ட்காண்டூர்ஸ் என்ற கட்டளை மூன்று மதிப்புகளைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தது, படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பின் 3-ஆம் பதிப்பில் சரி, 4-இல் இரண்டுதான் வரும், நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். சரி, இதையெல்லாம் நானே திருத்திக்கொண்டேன்.

கட்டுரை சொன்ன வழி எளிமையானது. கேமரா தரும் முதல் ஃபிரேமைப் பின்னணியாக வைத்துக்கொள்கிறோம், பிறகு வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, பின்னணியோடு கழித்துப் பார்க்கிறோம், வித்தியாசம் அதிகமாக உள்ள திட்டுகளைச் சுற்றிப் பெட்டி போடுகிறோம். செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம், வெறும் கழித்தல் கணக்கு. ஆனால் பல வெப்கேம்கள் திறந்தவுடன் கொஞ்ச நேரம் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தம்மைச் சரிசெய்துகொண்டிருக்கும். எனக்கு முதல் ஃபிரேம் இருட்டாக வந்தது, அதற்குப் பிறகு திரை முழுக்க ஒரே பெட்டி! முதல் 30 ஃபிரேம்களைத் தூக்கிப்போட்டதும் அது தீர்ந்தது. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். அது முன்பு இருந்த இடம், இப்போது இருக்கும் இடம் இரண்டும் நிரலை நிறுத்தும்வரை அசைந்துகொண்டே இருப்பதாகத்தான் காட்டின.

பின்னணியை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே போனால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஓப்பன்சிவியிலேயே எம்ஓஜி2 என்று ஒன்று இருக்கிறது, கட்டுரையில் அதன் பெயர்கூட வரவில்லை. அது நிழலையும் தனியாகப் பிரித்து 127 என்ற சாம்பல் மதிப்பில் குறித்துத் தரும், அதற்கு மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டால் சுவரில் விழும் நிழலுக்குப் பெட்டி வராது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அசையாமல் உங்கள் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரத்தில் நானும் சுவரோடு சுவராகிவிட்டேன்.

என் முக்கியமான மனக்குறை தலைப்பில் இருந்த 'பின்தொடரும்' என்ற சொல்தான். நீங்கள் வெளியிட்ட நிரல் எதையும் பின்தொடரவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகப் பெட்டி போடுகிறது, முந்தைய ஃபிரேமில் இருந்த பெட்டியும் இதுவும் ஒரே ஆளா என்று அதற்குத் தெரியாது. குறைந்தபட்சம் பெட்டியின் நடுப்புள்ளியை எடுத்து, முந்தைய ஃபிரேமில் அதற்கு மிக அருகில் இருந்த புள்ளியோடு சேர்த்து, ஒரே எண்ணைக் கொடுத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டு பேர் குறுக்கே கடந்தால் பெட்டிகள் ஒன்றாகிவிடும், பிரியும்போது எண்கள் மாறிப்போகலாம். அங்கேதான் 1960-இல் ருடால்ஃப் கால்மன் எழுதிய 'வடிகட்டி' என்ற கணக்குமுறை கைகொடுக்கிறது, ஆள் இதுவரை போன வேகத்தையும் திசையையும் வைத்து அடுத்து எங்கே இருப்பார் என்று அது ஊகித்துச் சொல்லும். அப்போதும் நடுவழியில் ஒருவர் சட்டென்று திரும்பி வந்த பக்கமே போனால் ஏமாறத்தான் செய்யும்.

இந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி இருக்குமானால், இரண்டு பேர் குறுக்கே கடக்கும் வீடியோவை வைத்தே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்