25 மதிப்பெண்ணைத் தாலுகா ஆபீசுக்குக் கொடுங்கள்: பொது நிர்வாகவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் கல்வியாண்டுக்கான திருத்திய பாடத்திட்டம் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. இளங்கலை முதல் பருவத்தில் உள்ள 'பொது நிர்வாகவியல் அறிமுகம்' தாளைத்தான் முதலில் புரட்டினேன். ஐந்து அலகுகளும் பழையபடியே இருக்கின்றன. பல கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டிருந்த களப்பணி மட்டும் எங்கும் இல்லை. விசாரித்தபோது, 'நிர்வாகச் சிரமங்கள் காரணமாக ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரிப் பதில் கிடைத்தது. என்ன சிரமம், யாருக்குச் சிரமம் என்று அதில் இல்லை. நிர்வாகத்தையே பாடமாக வகுத்துத் தரும் குழுவிடமிருந்து இப்படியொரு பதில் வந்ததால்தான் இந்த மடலை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். அந்தத் தாளின் 25 அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் களப்பணிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போகட்டும். ஒரு மனு எந்த மேசையில் தொடங்குகிறது, எங்கே தங்குகிறது, யார் கையெழுத்தில் முடிகிறது என்று பார்த்துப் பத்துப் பக்கத்தில் எழுதித் தரட்டும். பல்கலைக்கழகத் தேர்வின் 75 மதிப்பெண் இப்போது உள்ளபடியே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறோம் என்பதற்கு என் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிமுகத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவள். பிரெஞ்சு மேலாண்மை அறிஞர் ஃபயோலின் 14 நிர்வாகக் கொள்கைகளையும் வரிசை பிசகாமல் சொல்வாள். படிநிலை, அதாவது யாருக்கு மேல் யார் அதிகாரி என்ற அடுக்கு, பற்றிய கேள்விக்கு அவள் வரைந்த படத்தை மற்ற மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் அவளுடைய அப்பா இறந்துபோனார். அவர் பெயரில் வங்கியில் கொஞ்சம் பணம் இருந்தது. அதை எடுக்க வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாள். 'போதிய ஆவணம் இல்லை' என்று நிராகரித்துவிட்டார்கள். எந்த ஆவணம் என்று சொல்லவில்லை. திரும்பவும் விண்ணப்பித்தாள், திரும்பவும் அதே வாசகம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகாமல் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலக வாசலில் நின்றார். அதற்குப் பிறகு அவர்கள் அலைவதை நிறுத்திவிட்டார்கள். அவள் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான் எனக்கு இது தெரிந்தது. காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் நிலை வாரிசு. பாட்டி எப்போதோ கிராமத்தில் இறந்தவர், அவருடைய இறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. குறைந்த ஆவணம் அவருடைய இறப்புச் சான்றிதழ்தான். ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் மறுத்தாலும் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான். வட்டாட்சியருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் மனுக் கொடுக்கலாம் என்பது, படிநிலைக்கு முழு மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்குத் தெரியவில்லை. பதிவு ஆணை வந்து, அதற்குப் பின் சான்றிதழும் கைக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் அவள் தேர்வு எழுதவில்லை.

இது அவளுடைய குற்றமில்லை. நாம் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வினாத்தாளில் நாம் கேட்டதையெல்லாம் அவள் எழுதினாள். அவளுடைய வீட்டைத் தொட்ட நிர்வாகத்தைப் பற்றி நாம் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கோட்பாடுகளை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வுட்ரோ வில்சனின் 1887ஆம் ஆண்டுக் கட்டுரை வேண்டும். திட்டமிடலில் தொடங்கி நிர்வாகத்தின் ஏழு பணிகளைச் சுருக்கி 1937இல் குலிக் தந்த போஸ்ட்கார்ப் (POSDCORB) வேண்டும். அலுவலக ஆட்சிமுறையின் இலக்கணத்தை வகுத்த ஜெர்மன் அறிஞர் வெபர் கட்டாயம் வேண்டும். ஆனால் வெபரை எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். தகுதி பார்த்து நியமனம், முழுநேர வேலை, மாதச் சம்பளம், எழுதிவைத்த விதி, பதவி யாருக்கும் சொந்தச் சொத்து ஆகாமை என்று ஒரு பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் கர்ணம், மணியக்காரர் என்று பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே சுழன்றுவந்த பகுதிநேரக் கிராமப் பதவிகள் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். வெபர் சொன்ன மாற்றம் நம் ஊர்ச் சாவடியிலேயே நடந்திருக்கிறது. அதை நேரில் பார்த்த தாத்தாக்கள் மாணவர்களின் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வரி இடமில்லை.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமனையும் அப்படித்தான் நடத்துகிறோம். கட்டளை ஒருமை (ஒருவருக்கு ஒரே மேலதிகாரி) போன்ற கொள்கைகள் பழமொழிகளைப் போல ஒன்றுக்கொன்று முரண்படுபவை என்று அவர் 1946இல் எழுதினார். மாணவர்கள் இதை ஐந்து மதிப்பெண் விடையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓர் ஊராட்சி அலுவலகத்தில் அரைநாள் உட்கார்ந்தால் போதும், சைமன் சொன்னது கண்ணெதிரே நடக்கும். ஊராட்சிச் செயலர் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டும், வட்டார வளர்ச்சி அலுவலர் அழைத்தாலும் போக வேண்டும். அதே ஊரில் கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையின் ஆள். ஊராட்சி மன்றம் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர். பட்டாவுக்கு ஓர் இடம், வீட்டு வரிக்கு ஓர் இடம், அட்டைக்கு ஓர் இடம் என்று சனங்கள் ஏன் அலைகிறார்கள் என்பது அப்போது புரியும். புரிந்த மாணவர் சைமனை இன்னும் ஆழமாகப் படிப்பார்.

சைமன் வந்த வழியும் இதுதான். 1930களின் நடுவில், சிகாகோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, மில்வாக்கி நகரத்தின் விளையாட்டுத் திடல்கள் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்று பார்க்கப் போனார். பள்ளி வாரியமும் பொதுப்பணித் துறையும் ஒரே பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று அங்கே இழுபறியில் இருந்தன. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்கு அந்தக் களப்பணியே தொடக்கம். அது 1978இல் பொருளியல் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுபோனது. அதற்கும் முன்பே, 1911இல் நியூயார்க்கில் தொடங்கிய பொதுச் சேவைப் பயிற்சிப் பள்ளி மாணவர்களை நகராட்சி அலுவலகங்களுக்குள் அனுப்பித்தான் பயிற்றுவித்தது. நாம் கற்பிக்கும் அறிஞர்கள் அலுவலகங்களுக்குள் போய்க் கற்றார்கள். நம் மாணவர்கள் அந்த அறிஞர்களின் பெயர்களை மட்டும் கற்கிறார்கள்.

இந்தியாவில் பொது நிர்வாகத்துக்கு முதன்முதலில் பட்டயப் படிப்புத் தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகம், 1937இல். குலிக்கின் கட்டுரைத் தொகுப்பு அமெரிக்காவில் வெளியான அதே ஆண்டு. இந்திய பொது நிர்வாக நிறுவனம் தில்லியில் அமைந்ததே 1954இல்தான். இந்தத் துறையில் முந்தி நின்ற மாநிலம், தன் மாணவரைத் தாலுகா ஆபீஸ் வாசலுக்குக்கூட அனுப்பத் தயங்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சிரமங்கள் என்று நீங்கள் எவற்றைக் கருதியிருக்கக்கூடும் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அலுவலர்கள் உள்ளே விடமாட்டார்கள் என்பது ஒன்றாக இருக்கலாம். கிராம சபைக்குள் யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தப் பருவத்தில் படித்தாலும் ஒன்றாவது கைக்கு எட்டும். வருவாய்த் துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு முடியும் தறுவாயில் ஒவ்வொரு வட்டத்திலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளை மேசைமேல் வைத்துச் சரிபார்க்கிறார்கள், பொதுமக்களிடம் மனு வாங்குகிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம். உள்ளே போகவே முடியாத அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வந்தால் அது ஒரு பாடம். வராவிட்டால் முதல் மேல்முறையீடு எழுதக் கற்பிக்கலாம், அது இன்னும் நல்ல பாடம்.

மாணவர்களை வெளியே அனுப்புவது பொறுப்பான காரியம் என்று தயங்கியிருக்கலாம். சமூகப்பணித் துறை மாணவர்கள் வாரந்தோறும் களத்துக்குப் போகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராமங்களில் தங்குகிறார்கள். அவர்களுக்கு முடிவது எங்களுக்கும் முடியும்.

மதிப்பிடுவது கடினம் என்று சொன்னால், இப்போது அந்த 25 மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறோம் என்று நீங்களும் அறிவீர்கள். ஒரே குறிப்பேட்டைப் பார்த்து எழுதிய அறுபது ஒப்படைப்புகளைத் திருத்துகிறோம். எழுதியவர்களுக்கும் அதில் பயனில்லை, திருத்துகிறவர்களுக்கும் இல்லை.

தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களை நினைத்தும் கேட்கிறேன். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். அலுவலகக் கோப்புகளில் எழுதும் தமிழ் தனியாக வளர்ந்து நிற்கிறது. குறிப்பாணை, செயல்முறைகள், நினைவூட்டு, 'பார்வை'யில் காணும் கடிதம் எல்லாம் அதில் அடக்கம். ந.க. எண் எங்கே இருக்கும், ஓ.மு., மூ.மு., ப.மு. என்ற குறியீடுகளில் ஒன்றைப் போட்டுக் கோப்பை முடித்தால் அது எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்பதெல்லாம் ஓர் எழுத்தருக்கு நன்றாகத் தெரியும். பொது நிர்வாகவியல் பட்டதாரிக்குத் தெரியாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அந்த இடங்களை நம்பித்தான் இந்தப் பாடத்தை எடுத்தோம் என்று பெற்றோர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். மூன்றாண்டு நம்மிடம் படித்த பிள்ளை அதன்பிறகு கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் சேர்ந்து, நம் மாநில நிர்வாகத்தை அங்கே முதல்முறையாகப் படிக்கிறது.

எங்கள் நிலைமையும் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தத் தாளைப் பல கல்லூரிகளில் நடத்துகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன தொகையைக் கேட்டு ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படும் என்ற பேச்சு ஒவ்வொரு கல்வியாண்டும் வருகிறது, போகிறது. பணியாளர் அமர்த்தல் என்ற அலகை, அமர்த்தப்படாத நாங்கள் நின்று நடத்துகிறோம். இத்தனைக்கும் நடுவில் இந்தக் களப்பணியைக் கூடுதல் ஊதியம் இல்லாமல் எடுத்துச்செய்கிறோம் என்று நாங்களேதான் முன்வந்து கேட்டோம். அப்படிக் கேட்டவர்களுக்கு ஒரு வரிப் பதில் போதும் என்று நீங்கள் முடிவு செய்தது மனத்தைச் சுட்டது.

சம்பளம் பற்றிய முறையீட்டுக்குரிய இடம் உங்கள் குழு அல்ல என்பதை அறிவேன். அதை இங்கே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கையில் இருப்பது பாடத்திட்டம். அதில் நாங்கள் கேட்பது அந்த 25 மதிப்பெண். புதிய பணியிடம் வேண்டாம், நிதி வேண்டாம், புதிய தாள்கூட வேண்டாம்.

உறுப்பினர்களில் பலர் எனக்கு ஆசிரியர்களைப் போன்றவர்கள். உங்கள் அனுபவத்தின்மேல் மரியாதை வைத்தே எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைத் தனிப் பொருளாகச் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். எல்லாக் கல்லூரிகளிலும் உடனே தொடங்குவது கடினம் என்றால், விருப்பம் தெரிவிக்கும் கல்லூரிகளில் மட்டும் ஓராண்டு நடத்திப் பார்க்க அனுமதியுங்கள். இதையும் ஏற்க இயலாது என்று முடிவெடுத்தால், சிரமம் என்ன என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு விடை தேடும் கடமை எங்களுக்கும் இருக்கிறது.

களப்பணிக்கான மாதிரிக் குறிப்பேட்டையும் மதிப்பெண் பிரிக்கும் முறையையும் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து எழுதி முடித்திருக்கிறோம். குழு கேட்டால் மறுநாளே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொது நிர்வாகவியல் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்