பழைய 3060-ஆ, புது 4060-ஆ?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. அவரை இன்னும் கொஞ்ச நாள் செய்தித்தாளைத் தொடவிடாதே, கேட்கமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மகள் அனிமேஷன் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்காக என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் கார்டை வாங்கினோம். என்னிடம் அதற்கு முந்தைய தலைமுறைக் கார்டான, 12 ஜிபி நினைவகமுள்ள பழைய 3060 அப்படியே இருக்கிறது. ஆக, நீ கேள்வியைச் சரியான வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறாய்.

"மைத்துனன் தன்னுடைய 3060-ஐத் தருகிறேன் என்கிறான். அதை எடுத்துக்கொள்ளவா, புதிதாக 4060 வாங்கவா?" என்று கேட்டிருந்தாய். விளையாட்டு மட்டும்தான் என்றால் 4060 என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நீ அதோடு பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளையும், வீட்டுக் கணினியிலேயே சாட்ஜிபிடி போல உரையாடும் ஒரு மொழி மாதிரியை ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் சேர்த்து எழுதிவிட்டாய். அங்கேதான் விஷயம் புரள்கிறது.

இரண்டையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே டிரைவர், ஒரே அமைப்புகள், விளையாட்டில் அதே இடம் என்று வைத்துத்தான் பார்த்தேன். வேறு வேறு கணினிகளில் எடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 1080p என்ற சாதாரணத் திரைத் தெளிவுத்திறனில் 4060 முன்னால் போகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15 முதல் 20 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வதற்கு நான் கண்டதும் ஒத்துவருகிறது. 3060-இல் கணக்குப் போடும் கோர்கள் 3584, 4060-இல் 3072தான். ஆனால் புதியதன் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு ஏறியிருக்கிறது. மின்சாரமோ 170 வாட்டிலிருந்து 115-க்கு இறங்கியிருக்கிறது. மகளின் அறையில் விசிறிச் சத்தமே கேட்பதில்லை, என் அறையில் கேட்கும்.

நினைவகத்தில் மட்டும் என்விடியா பின்னால் போயிருக்கிறது. 3060-க்கு 192 பிட் அகலப் பாதையில் 12 ஜிபி, நொடிக்கு 360 ஜிபி தரவு. 4060-க்கு 128 பிட்டில் 8 ஜிபி, நொடிக்கு 272 ஜிபி. அதை ஈடுகட்ட, சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகமான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக்கிவிட்டார்கள். கையருகே பெரிய மேசை இருந்தால் பரணுக்கு அடிக்கடி ஏற வேண்டியதில்லை, அவ்வளவுதான் சூத்திரம். 1080p-இல் இது நன்றாகவே எடுபடுகிறது. தெளிவுத்திறனை ஏற்ற ஏற்ற மேசை போதாமல் போகிறது.

8 ஜிபி நிரம்பி வழியும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, சட்டென்று விழும். கார்டில் இடமில்லாத தரவு கணினியின் ராமிலிருந்து மதர்போர்டு வழியாக வந்துபோக வேண்டும். 4060-க்கு அந்த வழியில் 8 தடங்கள்தான், 3060-க்கு 16. அந்த வழிக்குப் பெயர் பிசிஐஇ. உன் மதர்போர்டில் இருப்பது அதன் பழைய 3.0 பதிப்புதானே? அதில் 8 தடம் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டுக்குள் 272, வெளியே போனால் 8. திரை ஏன் திக்குகிறது என்பது இப்போது புரியும்.

இந்தத் திக்கல் சராசரி எஃப்பிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் (படங்கள்) திரைக்கு வருகின்றன என்ற எண்ணில், சரியாகத் தெரியாது என்பதுதான் என் பெரிய புகார். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி. ஒரு நொடியில் 54 ஃபிரேம்கள் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், கணக்கில் 55 என்று வரும். பரவாயில்லையே என்று தோன்றும். விளையாடுகிறவனுக்கோ அந்த ஒன்றுதான் கண்ணில் நிற்கும். அதனால் யார் ஒப்பீடு காட்டினாலும் சராசரியை விட்டுவிட்டு, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எண்ணைப் பார்.

இந்த இரண்டில் 4060-இல் மட்டும் வரும் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் என்ற என்விடியா வசதி பற்றியும் உன் காதில் விழுந்திருக்கும். இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே செய்து செருகும். ஏற்கெனவே 60 வருகிற இடத்தில் அழகாக இருக்கிறது. 30 வருகிற இடத்தில் திரை வழுக்கிக்கொண்டு ஓடும், கை கொடுக்கும் கட்டளை மட்டும் சேற்றில் நிற்கும். அதற்கும் நினைவகம் தனியாக வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை.

இனி உன் மொழி மாதிரி. 700 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) உள்ள ஒன்றை, எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினால் சுமார் 4 ஜிபி, எதிலும் ஓடும். 1300 கோடி என்றால் 7, 8 ஜிபி ஆகிவிடும், உரையாடலுக்கான இடம் அதற்கு மேல். 4060 அங்கே திணறும், 3060-இல் தாராளமாக உட்காரும். சிறிய மாதிரியிலும் ஒவ்வொரு சொல்லைத் தரும்போதும் மாதிரி முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால், அங்கே கோர் வேகத்தைவிட அந்த 360-க்கும் 272-க்கும் இடையிலான போட்டிதான் நடக்கிறது. கிழவன் ஜெயிக்கிறான்! பிளெண்டரில் அப்படியில்லை. காட்சி நினைவகத்துக்குள் அடங்கினால் 4060-தான் அதைச் சீக்கிரம் ரெண்டர் செய்து படமாக்குகிறது. அடங்காவிட்டால் ஒன்று தவழும், இல்லை நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும். மகளின் பயிற்சிகள் இதுவரை அடங்குகின்றன. நீ எழுதியிருந்த அந்தக் கோயிலின் முப்பரிமாண மாதிரி, அத்தனை சிற்பங்களோடு, 8 ஜிபியில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உனக்கு 3060 போதும், அதையே வாங்கிக்கொள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: 2022 இறுதியில் இதே 3060 என்ற பெயரில் 128 பிட், 8 ஜிபியில் இன்னொன்று வந்தது. பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. மைத்துனனின் கணினியில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, 192 பிட், 12 ஜிபி என்று இருக்கிறதா பார். 8 ஜிபி என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு எழுது, வேறு யோசிக்கலாம். பவர் சப்ளை 550 வாட் இருக்கட்டும், இரண்டு கார்டுக்கும் அதுதான் என்விடியாவின் பரிந்துரை. கார்டு கைக்கு வந்ததும் விசிறியில் இருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு மாட்டு.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். கோயில் மாதிரியின் ஒரு ரெண்டரையாவது அடுத்த கடிதத்தோடு அனுப்பு, மகள் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்